திரை அணைந்த பிறகு ஐந்து நிமிடம்

(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நின்று படம் பார்ப்பதைப் பற்றிக் கதைக்க ஒரு பழைய மாணவியை அழைப்பார்கள் என்று எங்கள் காலத்து விடுதிப் பொறுப்பாசிரியை ஒருவரும் நினைத்திருக்கமாட்டார். படத்துக்குப் போவது அப்போது அனுமதி கேட்கவே பயந்த விஷயம். நூறு வருஷத்தில் கல்லூரி எவ்வளவோ மாறிவிட்டது என்பதற்கு இதுவும் ஓர் அத்தாட்சி.

யாழ்ப்பாணத்தில் வின்சர், வெலிங்டன், ராணி, மனோகரா, ரீகல் என்று தியேட்டர்கள் இருந்த காலத்தில், ஒரு படத்துக்குப் போவது வீட்டுக்கே ஒரு வேலை. சமையலை முடித்து, சின்னம்மாவையும் கூட்டி, பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஒரு கிழமைக்குக் கதை இருக்கும். பிறகு 90களில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாத வருஷங்கள். மண்ணெண்ணெய் தேடி, ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒரு முற்றத்தில் அயல் முழுக்கக் கூடியிருந்து பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இன்று ஆயிரம் படம் கைத்தொலைபேசிக்குள் கிடக்கிறது. வெங்காயம் வெட்டிக்கொண்டு, வட்ஸ்அப்புக்குப் பதில் போட்டுக்கொண்டு, பிடிக்காத இடத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறோம். பார்த்து முடிந்ததும் நாளை அதன் பெயர்கூட நினைவில் இல்லை. பழைய காலந்தான் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்தக் கதிரைகளில் மூட்டைப்பூச்சியும் இருந்தது. கவனம் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி.

நன்றியுணர்வு மனநலத்துக்கு உதவும் என்பது இப்போது பலரும் சொல்கிற விஷயம். ராபர்ட் எமன்ஸ், மைக்கல் மக்கலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் பிரசித்தமானது. மாணவர்களில் ஒரு பகுதியினரைப் பத்து வாரம், வாரம் ஒருமுறை, தாம் நன்றி பாராட்டும் விஷயங்கள் ஐந்துவரை எழுதச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். நன்றியை எழுதியவர்களே தம் வாழ்க்கையைக் கூடுதல் திருப்தியோடு பார்த்தார்கள்.

ஆனால் பெண்களாகிய எங்களுக்கு இதில் ஓர் அவதானம் வேண்டும். "கிடைத்ததை வைத்துச் சந்தோஷமாக இரு பிள்ளை" என்று சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ பேரின் வாயை அடைத்திருக்கிறார்கள். அது நன்றியல்ல, அடக்கி வைப்பது. யாருக்கு, எதற்காக நன்றி என்பது விளங்கினால்தான் அந்த உணர்வுக்குப் பெறுமதி. அதை விளக்குவதில் நல்ல படம் ஒன்று புத்திமதி நூறைவிட மேல் என்பது என் அபிப்பிராயம்.

அகிரா குரோசாவாவின் 'இகிரு' 1952இல் வந்த யப்பானியப் படம். 'வாழ்வது' என்று அர்த்தம். நகரசபையில் முப்பது வருஷம் கடதாசிக்கு முத்திரை குத்திய வத்தனாபே என்ற அதிகாரிக்கு வயிற்றில் புற்றுநோய். சில மாதமே மிச்சம். தங்கள் குடியிருப்பில் கழிவுநீர் தேங்கும் இடத்தைத் துப்புரவாக்கிப் பிள்ளைகளுக்கு விளையாட இடம் தாருங்கள் என்று சில தாய்மார் மனுவோடு வருகிறார்கள். ஒவ்வொரு மேசையும் அவர்களை அடுத்த மேசைக்கு அனுப்புகிறது. கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து திரிந்த எங்களுக்கு இந்தக் காட்சிக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். கடைசியில் அந்தப் பூங்காவைக் கட்டி முடிப்பதே வத்தனாபேயின் மிச்ச வாழ்வாகிறது.

படம் முடிவதற்கு வெகு முன்பே அவர் இறந்துவிடுகிறார். மிச்சக் கதை செத்தவீட்டில் நடக்கிறது. பெரிய அதிகாரிகள் இருந்து பூங்காவின் பெருமையைத் தங்களுக்குள் பங்கு போடுகிறார்கள். அந்த நேரம் அந்தத் தாய்மார் உள்ளே வருகிறார்கள். படத்துக்கு முன்னால் அழுது, ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். அறையில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. தொலைபேசியை ஒருதரம் எட்டிப் பார்த்தால் இந்த இடம் தப்பிப்போகும். தப்பினால் படமே தப்பியதுதான். 2022இல் இதை 'லிவிங்' என்று ஆங்கிலத்திலும் எடுத்தார்கள். திரைக்கதை கசுவோ இஷிகுரோ எழுதியது. அதையும் பாருங்கள், முதலில் பழையதைப் பார்த்துவிட்டு.

மற்றப் படம் எங்களுக்கு இன்னும் கிட்ட. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு', 1988இல் வெளியானது. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. பாட்டு ஒன்றுமில்லை, இளையராஜாவின் வாத்திய இசை மட்டும். வாடகை வீட்டிலிருந்து எழும்பச் சொன்னதால், சுதா என்ற வேலை பார்க்கும் பெண் தாத்தாவையும் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு சென்னையில் சின்ன வீடொன்று கட்டத் தொடங்குகிறாள். காணியில் ஒரு பகுதி விற்கப்படுகிறது, நகை போகிறது, கடன் ஏறுகிறது. ஒப்பந்தக்காரன் ஏமாற்றுகிறான். அவனுடைய களவைச் சுதாவுக்குச் சொல்லி, அவன் போன பிறகு வேலையைத் தொடரக் கை கொடுப்பவள் மங்கம்மா என்ற கூலிப் பெண். தாத்தா ஒருநாள் தனியே வந்து, முடியாத அந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிரை விடுகிறார். சொக்கலிங்க பாகவதர் அந்த வேஷத்தில் நடித்தார் என்று சொல்ல மனம் வராது, அந்தக் கிழவனாகவே இருந்தார்.

தன் சிறு வயதில் தாய் வீடு கட்டிய நினைவிலிருந்து வந்த படம் இது என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். இங்கே எத்தனை பேரின் தாய்மார் ஒவ்வொரு கல்லாய் எண்ணி வீடு கட்டினார்கள்! அந்த வீடுகளில் எத்தனைக்கு இன்று கூரை இல்லை! அத்திவாரம் போடும் காட்சியை ஆறுதலாகப் பார்க்கும்போது எங்கள் அம்மாவின் கையில் இருந்த காப்பு எப்போது காணாமற் போனது என்று யோசனை வரும். அப்போது கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. பிள்ளைகள் அதைக் கேட்பதில்லை. எங்கள் வீட்டைக் கட்டிய மேசன் யார், மண் சுமந்த பெண்ணின் பெயர் என்ன? எனக்குத் தெரியாது. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். பெரிய விரதம் ஒன்றும் இல்லை. கிழமைக்கு ஒரு படம் போதும். தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். வேகத்தைக் கூட்டாதீர்கள், இயக்குநர் மௌனமாக விட்ட இடம் காரணமாகத்தான் விட்ட இடம். முடிந்ததும் பெயர்கள் ஓடும்போது எழும்பாதீர்கள். ஒலிப்பதிவாளர், ஒப்பனைக்காரர், தேநீர் ஊற்றியவர் என்று ஒரு படத்துக்குப் பின்னால் எத்தனை கை. பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். அதன்பின் ஒரு கொப்பியில் ஒரேயொரு கேள்விக்குப் பதில்: இந்தப் படம் எனக்கு யாரை நினைவூட்டியது? அந்த ஆள் உயிரோடு இருந்தால், அன்றைக்கே ஒரு அழைப்பு எடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களில் பலர் கண்ணால் கண்டவற்றைத் திரையிலும் காணத் தேவையில்லை. குண்டுச் சத்தம், இடம்பெயர்வு, காணாமற்போனவர்கள் பற்றிய படங்களை "பார்த்தால் மனம் ஆறும்" என்று ஒருவரையும் வற்புறுத்தாதீர்கள். நெஞ்சு படபடத்தால் நிறுத்தி, முற்றத்துக்கு வந்து நில்லுங்கள். நித்திரையைக் குழப்பும் படம் எவ்வளவு நல்ல படமானாலும் அது வேறொரு நாளுக்கு. தொடர்ந்து குழப்பினால் வைத்தியரிடம் போகவேண்டும். அதைப் படம் பார்த்து மாற்றமுடியாது.

லண்டன், ரொறன்ரோ, சிட்னி, கொழும்புக் கிளைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று. வருஷாந்த இராப்போசனத்தோடு மட்டும் நிற்காமல், மாதம் ஒரே படத்தை எல்லோரும் அவரவர் ஊரில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சூமில் கதைப்போம். யாழ்ப்பாணத்திலேயே எடுத்த தர்மசேன பத்திராஜவின் 'பொன்மணி'யோடு, 1977இன் படம், தொடங்கலாம். போருக்கு முந்திய எங்கள் தெருக்களைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் மறதி வந்த அம்மா இருந்தால், இரண்டரை மணித்தியாலம் இருத்திவைக்காதீர்கள். அவர் இளமையில் பார்த்த படம் ஒன்றில் இருபது நிமிடம் போதும். பக்கத்தில் இருந்து, இதை எந்தத் தியேட்டரில் பார்த்தீர்கள், ஆரோடு போனீர்கள், என்ன சீலை உடுத்தீர்கள் என்று கேளுங்கள். சொல்லுகிறதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.