நாட்குறிப்பின் ஓரத்தில் ஒருவர்



பெரியோர் வரலாற்று நூலைக் கையிலெடுத்தால் இறுதியிலுள்ள பெயரடைவைத்தான் நான் முதலில் புரட்டுவேன். ஓரிரு பக்க எண்களே பெற்ற பெயர்கள் என்னை ஈர்க்கும். 1755இல் ஆங்கில அகராதியைத் தந்த சாமுவேல் ஜான்சனின் நாட்குறிப்பிலும் கடிதங்களிலும் அவ்வாறு நான் பின்தொடர்ந்த பெயர் இராபர்ட் லெவெட்.

பாரிஸ் நகரக் காப்பிக்கடை ஒன்றில் பரிமாறுபவராக இருந்தவர் அவர். அங்கு வந்த அறுவை மருத்துவர்கள் பணம் திரட்டி அவரை மருத்துவம் கற்கச் செய்தனர். பின்னர் இலண்டன் ஏழைகளின் வீடுகளுக்கு நடந்தே சென்று மருத்துவம் பார்த்தார்; கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார். பல்லாண்டுகள் ஜான்சன் வீட்டிலேயே தங்கினார். விந்தையான தோற்றத்தினர், பிறர் முன் வாய் திறவாதவர் என்கிறார் பாஸ்வெல். அதை மட்டும் படித்திருந்த நாள்களில், ஒப்பிலக்கிய வகுப்பில் நானும் லெவெட்டை வேடிக்கை மனிதராகவே அறிமுகப்படுத்தினேன். அது பிழை.

கடிதங்கள் வேறொரு லெவெட்டைக் காட்டுகின்றன. 1775 அக்டோபரில் பாரிஸிலிருந்து ஜான்சன் அவருக்கு எழுதுகிறார். அரசனும் அரசியும் உணவருந்தக் கண்டதைக் கூறும் அதே மடலில், பாரிஸ் பற்றி லெவெட் முன்பு சொன்னவை யாவும் மெய்யென்று ஒப்புகிறார். அந்நகரில் கோப்பை ஏந்தியவரின் சொல்லைப் பேரறிஞர் சான்றாக ஏற்கிறார்!

1782 சனவரி 17 காலை லெவெட் திடீரென மறைந்தார். 20ஆம் நாள் நாட்குறிப்பில் அடக்கம் நடந்த இடம், நேரம், ஏறத்தாழ 1746 முதல் நிலவிய பழக்கம், நட்பைக் குறிக்கும் ஒரு சொற்றொடர், சிறு வேண்டுதல் ஆகியவை மட்டுமே உள்ளன. பின்னர், இறந்தவரின் உறவினரைத் தேடி ஜான்சன் மடல் எழுதினார். நாட்குறிப்பு அடக்கிக்கொண்ட துயரம் 36 அடி இரங்கற்பாவாக 1783இல் அச்சேறியது. அன்றன்றைய எளிய தேவைகளை அன்றன்றைய உழைப்பால் நிறைவேற்றியவர் என்பதே அதில் லெவெட்டுக்குக் கிடைத்த பெரும்புகழ்.

நம் புறநானூற்றுக் கையறுநிலையில் பாரியை இழந்து கபிலர் கலங்குகிறார். அதியமானை இழந்து ஔவை கலங்குகிறார். புரந்தவர் மறையப் புலவர் பாடும் மரபு அது. இங்கோ உறைவிடம் தந்தவரே புலவர். மறைந்தவர் அவரை அண்டி வாழ்ந்தவர். பெற்றது யார், தந்தது யார் என்ற கணக்கே புரண்டுவிடுகிறது.

கவிஞர்களே, பத்தாண்டுகளாக நம் கூட்டங்களுக்கு நாற்காலி இட்டவரின் பெயரை நம்முள் எத்தனைபேர் அறிவோம்? நம் பெயரடைவு அங்கிருந்து தொடங்கட்டும்.