வீட்டுக்குள்ளே பள்ளிக்கூடத்தைக் கொண்டு வராதீங்க!

(தலைப்பு: வளரும் பிள்ளைகள் படிக்க ஏற்ற இடம் வீடா, பள்ளியா? ‘வீடே’ என்ற அணியில் இரண்டாவது பேச்சு)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா ஒரு கேள்வி கேட்டார். “அம்மா, நீங்க பாளையங்கோட்டைக்காரங்க. அதிலும் கிறிஸ்தவக் குடும்பம். ஊருக்கெல்லாம் பள்ளிக்கூடம் கட்டின கூட்டம். நீங்களே பிள்ளையை வீட்டிலே வெச்சிருக்கலாமா?” என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன் தெரியுமா? இதே கேள்வியை என் மாமனார் என்னைக் கேட்டு நாலு வருஷம் ஆச்சு! (சிரிப்பு)

என் மாமனார் மிஷன் பள்ளியிலே முப்பது வருஷத்துக்கு மேலே வாத்தியார். அவர் சொன்னார்: “ஏம்மா, 1706-லே சீகன்பால்க் தரங்கம்பாடியிலே வந்து இறங்கினார். இறங்கின கொஞ்ச நாளிலே பள்ளிக்கூடத்தைத்தான் ஆரம்பிச்சார். சாராள் தக்கர் இந்தியாவைக் கண்ணாலே பார்த்ததில்லை. அந்த அம்மா பேரிலே நம்ம ஊரிலே பெண்பிள்ளைகள் படிச்சுக்கிட்டிருக்கு. எங்க தாத்தாவுக்கு எழுத்தறிவு கொடுத்தது பள்ளிக்கூடம். நீ என் பேத்தியை அங்கேயிருந்து கூட்டிட்டு வரணும்ங்கிறே?”

நடுவர் அவர்களே, அவர் கோபத்திலே நியாயம் இருந்தது. ஆனா என் மகள் நிலைமையிலேயும் நியாயம் இருந்தது.

அவ அப்போ ஒன்பதாம் வகுப்பு. பள்ளி பேர் வேண்டாம். ஒன்பதாவதிலேயே பத்தாம் வகுப்புப் பாடம் நடத்தினாங்க. காலையிலே 5 மணிக்கு டியூஷன், ராத்திரி 8 மணிக்கு டியூஷன். எங்க வீட்டிலே தினம் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. அதிலே பாட்டு ஆரம்பிக்கிறது அவதான். ஒரு நாள் என் அத்தை சொன்னாங்க: “ஏளா, இந்த வீட்டிலே பாட்டுச் சத்தம் கேட்டு ஆறு மாசம் ஆச்சு, கவனிச்சியா?” நான் கவனிக்கலை ஐயா. மார்க்கைக் கவனிச்சேன், மகளைக் கவனிக்கலை.

அன்னைக்குத்தான் திட்டம் போட உட்கார்ந்தோம். இங்கே நிறையப் பேர், பள்ளி பிடிக்கலைன்னா மறுநாளே டி.சி. வாங்கிட்டு வந்துடணும்னு நினைக்கிறாங்க. கூடாது! முதல்லே சட்டத்தைப் படிக்கணும். 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியிலே சேர்க்கிறது பெற்றோர் கடமைன்னு அதிலே 10-ஆவது பிரிவு சொல்லுது. மீறினா இன்ன தண்டனைன்னு அந்தச் சட்டத்திலே இல்லை. ஆனா தண்டனை இல்லைங்கிறதுக்காகக் கடமையை விட்டுடலாமா? மகளுக்கு 14 முடியட்டும்னு காத்திருந்தோம்.

அடுத்தது பரீட்சை. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. 1989-லே தேசிய திறந்தநிலைப் பள்ளியாத் தொடங்கி, 2002-லே இந்தப் பேர் வாங்கினது. 14 வயசு நிறைஞ்சா பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அஞ்சு பாடம் தேறணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை பரீட்சை. ஒரே மூச்சிலே எல்லாத்தையும் எழுதணும்னு இல்லை. அஞ்சு வருஷத்துக்குள்ளே ஒன்பது வாய்ப்பு. ஆனா ஒண்ணு. பிள்ளை பிற்பாடு எந்தப் படிப்புக்குப் போக ஆசைப்படுதோ, அந்தப் படிப்பு இந்தச் சான்றிதழை ஏத்துக்குதான்னு அந்தந்த வருஷத்து விதியை வாங்கிப் படிச்சுட்டு இறங்குங்க. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு இறங்காதீங்க!

இவ்வளவையும் எழுதி மாமனார்கிட்டே கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பேப்பர் திருத்துற மாதிரி சிவப்பு மையிலே திருத்தினார். (சிரிப்பு) திருத்திட்டு ரெண்டு வரி சேர்த்தார். “ஒன்று: பிள்ளை சம்மதிக்க வேண்டும். இரண்டு: எப்போது நிறுத்துவாய் என்பதையும் இன்றே எழுது.” எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க! ஆரம்பிக்கத் திட்டம் போடுறவங்க உண்டு. தப்புன்னு தெரிஞ்சா நிறுத்தத் திட்டம் போடுறவங்க எத்தனை பேர்?

நடுவர்: நிறுத்த வேண்டி வந்ததா அம்மா?

சொல்றேன் ஐயா. மூணே மாசத்திலே வந்துச்சு!

நான் என்ன செஞ்சேன்? 9 மணிக்கு மணி அடிச்சேன். கால அட்டவணை ஒட்டினேன். ஆறு பீரியட். கணக்கு எனக்கு அரைகுறை. அதையும் நானே நடத்தினேன். ஒரு நாள் மகள் பென்சிலைக் கீழே வெச்சா. “அம்மா, முன்னாடி பள்ளிக்கூடம் விட்டா வீட்டுக்காவது வருவேன். இப்போ வீடே பள்ளிக்கூடம் ஆயிட்டுது. நான் எங்கே போக?” என்றாள்.

(அவையில் அமைதி)

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை ஐயா. மறுநாள் மணியைக் கழட்டினேன். புதுசா ஒரு ஏற்பாடு. காலையிலே மூணு மணி நேரம் கனமான பாடம். கணக்குக்கு ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தங்க. அறிவியலுக்கு எதிர் வீட்டுப் பாய், இன்ஜினியர். அவர் வீட்டு ஃபேனைக் கழட்டித்தான் மின்சாரம் சொல்லிக் கொடுத்தார். மூணு நாள் ஃபேன் ஓடலை, அது வேற விஷயம்! (சிரிப்பு) மதியம் நூலகம். சாயங்காலம் கைப்பந்து. சனிக்கிழமை சபைப் பாடகர் குழு.

“கிறிஸ்தவக் குடும்பம்ங்கிறீங்க, உலகத்துக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலே பூட்டி வெச்சிட்டீங்களா?” என்று எதிரணிச் சகோதரி கேட்டாங்க. சகோதரி, பயந்து கூட்டிட்டு வந்திருந்தா பாய் வீட்டுக்கு அனுப்பியிருப்பேனா? பெற்றோர் வீட்டிலே உட்கார்ந்திருக்கும்போதும், வழி நடக்கும்போதும் பிள்ளைகளோடு பேசணும்னு உபாகமத்திலே சொல்லியிருக்கு. பேசணும்னா, ரெண்டு பேரும் பேசணும். ஒரு நாள் ஜெபத்திலே மகள் கேட்டா: “கடவுள் நல்லவர்னா, எதிர்த் தெருச் சின்னப் பிள்ளைக்கு ஏன் அந்த நோய் வந்துச்சு?” நான் “அப்படியெல்லாம் கேக்கக் கூடாது”ன்னேன். மாமனார் தடுத்தார். “கேக்கட்டும். இங்கே கேக்காம வேற எங்கே கேப்பா? எனக்கும் பதில் தெரியலைன்னு சொல்லு. தெரியாமலும் ஜெபிக்கலாம்னு அவ தெரிஞ்சுக்கட்டும்” என்றார். இந்தப் பாடம் எந்தப் பாடத்திட்டத்திலே இருக்கு ஐயா? (கைதட்டல்)

இங்கிலாந்திலே சூசன்னா வெஸ்லின்னு ஒரு தாய். 19 பிள்ளைகள் பிறந்து, 10 பேர்தான் பிழைச்சாங்க. வீட்டிலேயே தினம் ஆறு மணி நேரம் பாடம். பெண்பிள்ளை நல்லா வாசிக்கக் கத்துக்கிட்ட பிறகுதான் தையல் வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்திலே ஒரு நேரம் ஒதுக்கித் தனியாப் பேசுவாங்க, ஜானுக்கு வியாழக்கிழமை. எதிரணி ஐயா சிரிக்கிறார். என்ன சொல்லப் போறார்னு தெரியும். “அந்த ஜான் வெஸ்லியை 1714-லே, பத்து வயசிலே, லண்டன் பள்ளிக்கு அனுப்பிட்டாங்களே!” உண்மைதான். அனுப்பினாங்க. அதையும் ஒளிக்காமச் சொல்றேன், ஏன்னா என் வீட்டிலேயும் அதுதான் நடந்துச்சு.

மகள் பத்தாவது எழுதினா. நாலு பாடம் தேறினா; கணக்கு போயிட்டுது. ஊரே பேசுச்சு. மாமனார் ஒரு வார்த்தை பேசலை. ஆறு மாசம் தினம் சாயங்காலம் அவர் பேத்தியோட கணக்குப் போட்டார். அக்டோபர் பரீட்சையிலே தேறினா. இப்போ பன்னிரண்டாவதும் வீட்டிலிருந்தே படிக்கிறா. பாட்டும் திரும்பி வந்துட்டுது.

அவ தம்பிக்கும் 14 முடிஞ்சதும் வீட்டுக்கு வந்தான். பத்தாவது தேறினான். பிறகு என்கிட்டே வந்து, “அம்மா, கோபப்படாதீங்க. பதினொண்ணு நான் பள்ளிக்குப் போறேன். எனக்குக் கூட்டம் வேணும், டீம் வேணும்” என்றான். சேர்த்துட்டோம். சந்தோஷமாப் போறான்.

நடுவர்: அப்போ நீங்க எதிரணிக்கு வந்துட்டீங்களே அம்மா! (பலத்த சிரிப்பு)

இல்லை ஐயா! பள்ளிக்கூடம் மோசம்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை; சொன்னா என் மாமனார் வீட்டுக்குள்ளே சேர்க்க மாட்டார். எனக்கு எது வேணும்னு ஒரு பதினஞ்சு வயசுப் பையன் பயமில்லாம வாய் திறந்து சொன்னானே, அதை எங்கே படிச்சான்? வீட்டிலே படிச்சான். எனக்கு எது முடியலைன்னு அவ அக்கா சொன்னாளே, அதைக் கேட்க யாருக்கு நேரம் இருந்தது? வீட்டுக்கு இருந்தது.

பெற்றோரே, பள்ளிக்கு அனுப்புங்க, அனுப்பாம இருங்க. அது உங்க பிள்ளையைப் பொறுத்தது. ஆனா வாரத்திலே ஒரு வியாழக்கிழமையைப் பிள்ளைக்கு ஒதுக்குங்க. மார்க் கேட்காதீங்க. “பாட்டு ஏன் நின்னு போச்சு?”ன்னு கேளுங்க. அதைக் கேட்கிற இடம்தான் வளரும் பிள்ளை படிக்கிற இடம். அந்த இடம் வீடே, வீடே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.