முதலைத் தோலும் இரண்டு ஊசியும்



2025 ஜூலையில் பாரிஸ் நகரில் ஒரு பழைய கைப்பையை ஏலம் விட்டார்கள். கறுப்புத் தோல் பை. கீறல் விழுந்து, முனை தேய்ந்து, எப்போதோ ஒட்டிய ஸ்டிக்கர்களின் தடம்கூடப் போகாமல் இருந்தது. அது ஏறத்தாழ 86 லட்சம் யூரோவுக்குப் போனது. நடிகை ஜேன் பிர்க்கினுக்காக ஹெர்மேஸ் நிறுவனம் எண்பதுகளில் செய்த முதல் பை அது. அதே வடிவத்தில், நைல் முதலைத் தோலுக்குச் சாம்பலும் வெள்ளையுமாகச் சாயமேற்றி, பூட்டில் வைரம் பதித்த ‘ஹிமாலயா’ பை ஒன்று 2017-ல் ஹாங்காங்கில் 29 லட்சம் ஹாங்காங் டாலருக்கு விற்றது. அன்றைக்கு அதைத்தான் உலகமே வாயைப் பிளந்து பார்த்தது. இப்போது முதலையும் வைரமும் பின்னுக்குப் போய், சாதாரணத் தோல் முந்திவிட்டது. நடிகையின் கை பட்ட மவுசு அது, மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டிலேயே அபூர்வத் தோலில் பை தைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்கலாம். தோல் விலையை ஏற்றும். பையைப் பையாக நிறுத்துவது தையல்.

கடைக்காரர்கள் ‘எக்ஸாடிக் லெதர்’ என்பது முதலை, மலைப்பாம்பு, நெருப்புக்கோழி, திருக்கை மீன் போன்றவற்றின் தோலை. ஒவ்வொன்றும் கைக்கு ஒவ்வொரு விதமாக முரண்டு பிடிக்கும்.

முதலையில் வயிற்றுத் தோலுக்குத்தான் மதிப்பு. வயிற்றின் அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து விலை சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் செதிலில் ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி தெரியும். தண்ணீரின் சிறு அசைவையும் உணர அந்தப் பிராணிக்கு இருந்த உறுப்பின் தடம் அது. அமெரிக்க அலிகேட்டரின் வயிற்றுச் செதிலில் அந்தப் புள்ளி இருக்காது. மாட்டுத் தோலில் அச்சுக் குத்திய போலியிலோ ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். தைக்கிறவருக்குத் தொல்லை என்னவென்றால், செதில் தடிப்பாக இருக்கும், இரண்டு செதிலுக்கு நடுவே இருக்கும் மடிப்பு மெலிதாக இருக்கும். ஒரே அழுத்தத்தில் கத்தியை ஓட்டினால் மடிப்பில் கிழிந்துவிடும்.

திருக்கைத் தோல் இன்னும் மோசம். மேலெல்லாம் கண்ணாடி மணி பதித்த மாதிரி கெட்டியான குமிழ்கள். ஜப்பானியர் வாளின் கைப்பிடிக்கு இதைச் சுற்றியது வழுக்காமல் இருக்கத்தான். தையல் வரும் கோட்டில் அந்த மணிகளைத் தேய்த்து எடுக்காவிட்டால் ஊசி ஒடியும்.

இவற்றில் பழகுகிறவருக்கு ஒத்துவருவது நெருப்புக்கோழித் தோல். தென்னாப்பிரிக்காவில் ஔட்ஸ்ஹோர்ன் என்றொரு ஊர். ஐரோப்பியப் பெண்களின் தொப்பிக்கு நெருப்புக்கோழி இறகு விற்றே மாளிகை கட்டிய ஊர். 1914-ல் இறகுச் சந்தை சரிந்தது. தோல் வியாபாரம் தலையெடுத்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அந்தத் தோலில் இறகு முளைத்த இடமெல்லாம் சிறு மொட்டாகப் புடைத்திருக்கும். முழுத் தோலிலும் அப்படி இராது, முதுகின் நடுப்பகுதியில்தான். அந்தப் பகுதியைப் பையின் முகத்துக்கு வைத்துக்கொண்டு, வழவழப்பான ஓரத்தைப் பக்கவாட்டுக்கும் கைப்பிடிக்கும் வெட்டுவார்கள். மொட்டின் மேல் தையல் விழாதபடி அட்டையில் மாதிரி வெட்டி, தோலின் மேல் நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும்.

வெட்டிய ஓரத்தை உட்புறம் சீவி மெலிதாக்குவதுதான் பொறுமையைச் சோதிக்கிற வேலை. சீவாமல் இரண்டு தோலைச் சேர்த்தால் பையின் விளிம்பு தடித்து நிற்கும். பிறகு பசை தடவி ஒட்டி, மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் துளை குறித்துக்கொள்ள வேண்டும். பசை வேலைக்கு ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

இனித் தையல். ஹெர்மேஸ் 1837-ல் குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. அந்தச் சேணத் தையல்தான் இன்றும் அவர்களுடைய பெருமை. ஒரு நூல், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நான்கு மடங்கு நூல் எடுத்து, தேன்மெழுகில் இழுத்துக்கொள்வார்கள். தோலை மரக் கவ்வியில் பொருத்தி முழங்கால் நடுவே இறுக்கிக்கொண்டு, குத்தூசியால் துளையிட்டால், இடது ஊசியும் வலது ஊசியும் ஒரே துளை வழியாக எதிரெதிராகப் போகும். எந்த ஊசி முதலில், எந்த நூல் மேலே என்ற ஒழுங்கு கடைசித் துளைவரை மாறக் கூடாது. மாறினால் அந்த இடத்தில் தையலின் சாய்வு கோணி, காட்டிக்கொடுத்துவிடும். இழுக்கும் பலமும் அப்படியே. தளர்ந்தால் நூல் தொங்கும், அதிகமானால் தோல் சுருங்கும். இவ்வளவு பாடு எதற்கென்றால், மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று கொக்கியாகப் பிடித்திருக்கும். ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்து வரும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் தாங்கும். சாதாரணத் தையல் மெஷினுக்கு இது வராது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பழங்குடியினர் பாம்பு பிடித்ததே தோலுக்காகத்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையொட்டி வந்த தடைகளும் அந்த வியாபாரத்தை நிறுத்தின. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. வடநெம்மேலியில் இன்று அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷத்தை மட்டும் எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. ஒரு பையைவிட இது நல்ல பயன் என்பது என் கட்சி. வெளிநாட்டிலிருந்து வரும் முதலை, மலைப்பாம்புத் தோல்களும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. உரிய அனுமதிப் பத்திரம் இல்லாத துண்டு, எவ்வளவு சின்னதானாலும், வம்பு.

ஆகவே ஆசை இருப்பவர்கள் முதலையில் தொடங்க வேண்டாம். சென்னைப் பெரியமேட்டில் ஆட்டுத் தோல் சதுர அடிக் கணக்கில் கிடைக்கிறது. வாங்கும்போது பட்டையில் பதனிட்டதா, குரோமில் பதனிட்டதா என்று கேளுங்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவது நம் ஊர்ப் பழைய முறை. அப்படிப் பட்டையில் பதனிட்ட தோலின் ஓரம், லேசாக ஈரம் காட்டி மரத்துண்டால் தேய்த்தாலே பளபளக்கும். குரோம் தோலுக்கு அது பலிக்காது. ஓரத்துக்குச் சாயம் பூச வேண்டும், அல்லது மடித்துத் தைக்க வேண்டும். முதலில் மூக்குக்கண்ணாடி உறை, பிறகு பணப்பை, அப்புறம் கைப்பை. இரண்டு ஊசியும் கையில் படிந்த பிறகு நெருப்புக்கோழியைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் ரசீதையும் தோல் வந்த இடத்துக்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.