வளர்ப்பவர்க்கும் ஓய்வு வேண்டும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது எம் முன்னோர் வாக்கு. ஊட்டுகின்ற கை சோர்ந்துபோனால் அதற்கு ஆறுதல் தருபவர் யார் என்பதை அப்பழமொழி கூறவில்லை. அதனைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகின்றோம்.

மிஷன் பாடசாலை விடுதியில் ஒன்றாய்ப் படித்து, இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம் மூவர், சென்ற ஆண்டு தீபாவளிக்கு முதல்நாள் புத்தாடைகளும் சோற்றுப் பார்சல்களும் கொண்டு ஒரு வீட்டுக்குச் சென்றோம். அவ்வீட்டு அம்மா, தம் பிள்ளைகளோடு பெற்றோரை இழந்த வேறு இரு சிறுவரையும் நீதிமன்றக் கட்டளைப்படி பொறுப்பேற்று வளர்த்து வருபவர். கொண்டுபோனவற்றை வாங்கி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பியவை, குறை நினையாதேங்கோ. உடுப்புக் கிடக்கு, சோறும் இருக்கு. மாசத்திலை ரண்டு நாள் ஆரும் வந்து இந்தப் பிள்ளையளோடை இருந்தால், நான் கிளினிக்குக்குப் போட்டு வருவன். ஒரு பொழுது நிம்மதியா நித்திரையும் கொள்ளுவன்."

அன்று நாம் வெட்கித் தலைகுனிந்தோம். கொடுக்க விரும்பியதையே கொண்டு சென்றோமன்றி, அவருக்கு வேண்டியது யாதெனக் கேட்டோமில்லை.

அன்பர்களே, அவ்வம்மா கேட்டது புதுமையானதொன்றன்று. இங்கிலாந்து, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு இவ்வாறு ஓய்வளிப்பது முறையாக நடைபெறும் ஒரு சேவையாகும். ஒரு மாலைப்பொழுதோ, ஒரு வார இறுதியோ, வேறொருவர் பிள்ளையைப் பொறுப்பேற்கின்றார். வளர்ப்பவர் இளைப்பாறித் திரும்புகின்றார். களைப்பு முற்றினால், "இனி எம்மால் இயலாது" என்று பிள்ளையைத் திருப்பி ஒப்படைக்கும் நிலை வரும். ஒருமுறை வீடிழந்த பிள்ளை மறுமுறையும் வீடிழக்கும். அதனைத் தடுப்பதே இச்சேவையின் நோக்கம்.

எம் நாட்டில், 1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாப்பு வேண்டிய பிள்ளையைத் தகுதியான ஒருவரிடம், அவர் உறவினராயினும் அல்லாராயினும், நீதிமன்றம் ஒப்படைக்கலாம். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர், 2005இல் இயற்றப்பட்ட விசேட சட்டமும் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடமளித்தது. ஆனால் கட்டளை கையில் வந்த பின்னர், இரவிற் காய்ச்சலோடு அழும் பிள்ளைக்கருகே விழித்திருப்பவர் அந்த வீட்டவர்தாம்.

"சுற்றத்தார் இல்லையா? பிறத்தியார் எதற்கு?" எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. ஒருகாலத்தில் அம்மம்மாவும் சித்தியும் அடுத்த வளவில் இருந்தனர். 2009இல் முடிவுற்ற யுத்தமும் இடப்பெயர்வும் பல குடும்பங்களைத் திசைக்கொருவராகச் சிதறடித்தன. சித்தி கனடாவிலிருந்து காசு அனுப்பலாம். சனிக்கிழமை காலையில் வந்து பிள்ளையைக் குளிப்பாட்ட அவரால் இயலாதன்றோ?

ஆகவே மாதத்தில் இரு சனிக்கிழமைகள் நாம் அவ்வீட்டுக்குச் செல்லத் தொடங்கினோம். மூன்றாம் மாதம் பரீட்சை வந்தது. ஒரு சனிக்கிழமை நாம் போகவில்லை, சொல்லியனுப்பவுமில்லை. சின்னவனுக்கு ஆறு வயது. காலை தொடக்கம் அவன் படலையடியில் நின்றானாம். மத்தியானச் சோறும் உண்ண மறுத்தானாம். அடுத்தமுறை நாம் சென்றபோது அவன் எம்மருகே வரவில்லை. பழையபடி எம்மோடு பேச அவனுக்கு இரண்டு மாதங்கள் சென்றன. நன்மை செய்யப் போன நாமே அப்பிள்ளைக்கு இன்னோர் இழப்பைக் கொடுத்துவிட்டோம்.

பின்னர் இதுபற்றிப் படிக்கும்போது ஓர் உண்மை விளங்கிற்று. இலண்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் றொபேட்சன், ஜோய்ஸ் றொபேட்சன் என்னுந் தம்பதியர், தாய்மார் வைத்தியசாலையில் இருந்த நாட்களில் நான்கு சிறு பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்து, அதனைத் திரைப்படமாகவும் எடுத்தனர். பிள்ளையை முன்னரே கண்டு பழகினர். அதன் உணவையும் உறங்கும் வழக்கத்தையும் கேட்டறிந்தனர். தாயைப் பற்றி அதனோடு பேசினர். அப்பிள்ளைகள் பிரிவை ஒருவாறு தாங்கிக்கொண்டன. 1969இல் வெளியான அவர்களது மற்றொரு படத்தில், பதினேழு மாதக் குழந்தையொன்று ஒன்பது நாட்கள் ஒரு பராமரிப்பு நிலையத்தில் விடப்படுகின்றது. அங்கிருந்த தாதியர் தீயவரல்லர். ஆயினும் நேரத்துக்கொருவர் மாறிக்கொண்டிருந்தனர். ஈற்றில் தாய் வந்தபோது அக்குழந்தை அவளிடமே போக மறுத்து அலறியது. பிள்ளைக்கு வேண்டியது பலருடைய இரக்கமன்று. மாறாத ஒருவரின் வருகையே.

ஆதலால் இப்பணிக்கு முன்வருவோர் சில நியமங்களைக் கைக்கொள்ளல் வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் வளர்ப்பவருக்கும் தெரியாமல் எதுவுஞ் செய்யலாகாது. எவரும் பிள்ளையோடு தனித்திருத்தல் கூடாது. இருவராகவே செல்லுதல் வேண்டும். வயதில் மூத்த ஒரு பெண்மணி உடனிருப்பது நன்று. முதலில் வளர்ப்பவர் இருக்கும்போதே பலமுறை சென்று பழகுதல் வேண்டும். மருந்து, உணவு, அச்சம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பிள்ளையின் பழைய கதையைத் துருவிக் கேட்பதும், படம்பிடித்துப் பிறர்க்குக் காட்டுவதும் ஆகா. சொன்ன நாளிற் செல்லுதல் வேண்டும். இயலாதெனில் முற்கூட்டியே சொல்லுதல் வேண்டும். ஓராண்டுக்காவது வர இயலாதவர் இப்பணியில் இறங்காதிருப்பதே பிள்ளைக்குச் செய்யும் உதவி.

பிறந்தநாளிலும் திவசத்திலும் சிறுவர் இல்லங்களுக்கு உணவளிக்கும் வழக்கத்தை நாம் குறைகூறவில்லை. அது நிலைக்கட்டும். ஆனால் ஒருநாள் விருந்தோடு எம் கடமை தீர்ந்ததென எண்ணிவிடலாகாது.

இன்று சங்கத்திடம் நாம் வேண்டுவது சிறியது. இளைஞர் அறுவரும், அவர்களுக்கு வழிகாட்டத் தாய்மார் மூவரும் போதும். மூன்று வீடுகளுக்கு மாதம் இரு சனிக்கிழமைகள். காரியதரிசி அவர்களிடம் பெயர்க் கொப்பி ஒன்று இருக்கின்றது. அடுத்த ஆண்டு நாட்குறிப்பில் இருபத்துநான்கு சனிக்கிழமைகளை ஒதுக்க முடியுமா என்று வீட்டிற் கலந்தாலோசித்து, முடியுமாயின் மட்டும் அதிற் கையொப்பமிடுங்கள்.

சின்னவன் இப்பொழுதும் சனிக்கிழமைகளிற் படலையடியில் நிற்கின்றான். நாம் வருவோம் என்று தெரிந்தே நிற்கின்றான்.