கண்புரை சிகிச்சைக்குப் பிறகு கண் கூசினால்...

கண்புரையை நீக்கிச் செயற்கை லென்ஸ் பொருத்திக்கொண்ட சிலருக்குப் பகலில் பார்வை நன்றாகத்தான் இருக்கும். இரவில் கார் ஓட்டும்போதோ, எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாக ஒளி தெரியும், கண் கூசும். தூரத்திற்கும் கிட்டத்திற்கும் ஒளியைப் பங்கிட்டு அனுப்பும் 'மல்டிஃபோக்கல்' லென்ஸில் இந்தத் தொல்லை அதிகம். கண்ணாடியே வேண்டாம் என்ற ஆசையில் பலரும் கேட்டு வாங்கும் லென்ஸ் அது!

பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் பழகிவிடும். உலர்ந்த கண்ணும் மிச்சமிருக்கும் பவரும்கூடக் கூச்சம் தரும். அவற்றைச் சொட்டு மருந்தாலும் கண்ணாடியாலும் சரிசெய்யலாம்.

லென்ஸைத் தாங்கும் மெல்லிய பையின் பின்சவ்வு மங்கினாலும் கண் கூசும். அதற்கு 'யாக்' லேசரால் சவ்வில் துளையிடுவார்கள். சில நிமிட வேலைதான். ஆனால் குற்றம் லென்ஸில் இருந்தால் இந்தத் துளையால் பயனில்லை. அதுமட்டுமல்ல, துளையிட்ட பிறகு லென்ஸை மாற்றுவது சிக்கலாகிவிடும். கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருள் முன்னே வந்துவிடக்கூடும், விழித்திரைக்கும் ஆபத்து. ஆகவே, லேசருக்குச் சம்மதிக்கும் முன்பே, "காரணம் சவ்வா, லென்ஸா?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

லென்ஸை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், வழக்கமாக ஒரே தூரத்திற்கான சாதாரண லென்ஸை வைப்பார்கள். கூச்சம் குறையும்; நாளிதழ் படிக்க மட்டும் மறுபடியும் கண்ணாடி தேவைப்படும்.