புராணப் பெயர்கள் போகும் வழி



கண்டி நகரத் தெருக்களில் நடந்தால் நகைக்கடைக்கு லக்ஷ்மி, அச்சகத்துக்குச் சரஸ்வதி, சாப்பாட்டுக்கடைக்கு அன்னபூரணி என்று புராணப் பெயர்கள் பலகையேறி நிற்பதைக் காணலாம். தொழிலுக்கேற்ற தெய்வத்தைக் காவலுக்கு அழைத்திருக்கிறார்கள், இதில் வியப்பில்லை. பிறந்த கதையை விட்டு வெகுதூரம் பிரயாணம் செய்த பெயர்களே சுவையானவை.

1829இல் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் பேர்சீலியஸ் புதிய மூலகமொன்றுக்குத் தோரியம் எனப் பெயரிட்டார். தோர் என்பவன் வட ஐரோப்பியரின் இடிக் கடவுள். நம்முடைய இந்திரனுக்குத் தூரத்து உறவினன் என்று சொல்லலாம். வச்சிராயுதத்துக்குப் பதில் கையில் சம்மட்டி. 1904இல் அவன் பெயர் இலங்கை மண்ணுக்கும் வந்து சேர்ந்தது. சப்ரகமுவப் பிரதேசத்தில் கிடைத்த கரிய கனிப்பொருளொன்றில் தோரியம் மிகுந்திருக்கக் கண்டு அதனைத் தோரியனைற் என்றார்கள். அதைக் கண்டறிந்தவர் யார் தெரியுமா? கண்டி இராச்சியத்துக் கைவினைகளைப் பற்றி 1908இல் பெருநூல் வெளியிட்ட ஆனந்த குமாரசுவாமிதான். 1918இல் சிவ நடனத்தின் பொருளை மேல்நாட்டாருக்கு விளக்கியவரும் அவரே. 2004இல் ஜெனீவாவிலுள்ள அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியா வழங்கிய நடராசர் சிலை நிறுவப்பட்டபோது, அவருடைய வாசகமும் அங்கே பொறிக்கப்பட்டது.

தோரின் சம்மட்டியை அறியாமலே தோரியத்தைப் படித்துவிடலாம், நட்டமில்லை. எல்லாப் பெயருக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

2019இல் இலங்கையின் முதற் செய்மதி விண்ணில் விடப்பட்டது. ஜப்பானில் நம் நாட்டுப் பொறியியலாளர் இருவர் உருவாக்கியது. நிறை ஏறத்தாழ ஒரு கிலோ. பெயர் இராவணா-1. கம்பராமாயணம் படிக்கும் மாணவியொருத்தி கேட்டாள்: "சேர், பிறன் மனைவியைக் கவர்ந்தவன் பெயரை ஏன் வைத்தார்கள்?" நியாயமான கேள்வி. சிங்கள இளைஞர் பலருக்கு அவன் வானூர்தி செலுத்திய தம் ஆதிமன்னன். தமிழிலோ புலவர் குழந்தை 1946இலேயே இராவண காவியம் பாடி அவனைத் தமிழ்த் தலைவனாக்கிவிட்டார். ஒரே அரசனுக்கு இரு வீட்டாரும் உறுதி எழுதி வைத்திருக்கிறோம்! களத்தில் இந்திரசித்தின் உடலைத் தேடிக் கண்டு அழும் கம்பனின் தந்தையை இரு தரப்பிலும் எத்தனை பேர் அறிவர்? செய்மதி எரிந்து போயிற்று. வழக்கு மட்டும் நடக்கிறது.

வழக்கில்லாமல் இரு வீட்டிலும் வாழும் பெயரொன்று கண்டியிலேயே இருக்கிறது. தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பத்தினி தேவாலயத்தைச் சொல்கிறேன். பத்தினி நம் கண்ணகிதான். அவள் கோயில் கொண்டதைச் சொல்லும் சிலப்பதிகாரம் இலங்கை மன்னன் கயவாகுவையும் குறிப்பிடுகிறது. இங்கே பெயர் மாறியிருக்கிறது. மதுரையும் நீதி கேட்ட சீற்றமும் மாறவில்லை. கதையைத் தெரிந்தே கும்பிடுகிறார்கள்.

எசல பெரஹராவில் நான்கு தேவாலய ஊர்வலங்களுள் பத்தினியுடையது கடைசியாக வரும். பெண்கள் ஆடி வருவது அதில்தான். பத்தினியின் சின்னம் காற்சிலம்பு. சிங்களத்தில் அதற்கு என்ன சொல் என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுப் பாருங்கள். 'சலம்ப' என்பார்.