குழந்தை கைக்குப் போகும் முன் நம் கைக்கு



சின்னக் குழந்தைகளுக்கு நாம வாங்கிக் கொடுக்கும் விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு ஒன்றரை வயசு. எங்க வீட்டிலும் தறி ஓடுது. கீழே எது கிடந்தாலும் முதல்ல வாய்க்குத்தான் போகும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாம காஞ்சிபுரத்துப் பொம்பளைங்க. பட்டு இழையை இழுத்துப் பார்ப்போம். ஜரிகையைச் சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியுதான்னு பார்ப்போம். புடவைக்கு இத்தனை சோதனை. ஆனா குழந்தை வாயில் வைக்கப் போற பொம்மைக்கு விலையை மட்டும்தான் கேட்கிறோம். அதனால எந்தச் சாமான் வந்தாலும் முதல்ல நான் சோதிச்சுப் பார்க்கிறேன். ரொம்ப நேரம் ஆகாது. அஞ்சு நிமிஷம் போதும்.

முதல் சோதனை, இழுத்துப் பார்ப்பது. பொம்மையின் கண், மூக்கு, பொத்தான், சக்கரம் எல்லாத்தையும் பிடிச்சு நல்லா இழுக்கணும். ரெண்டாவது, போட்டுப் பார்ப்பது. இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் மூணு தடவை போடணும். உடைஞ்சா நம்ம முன்னாடியே உடையட்டும். மூணாவது, அளந்து பார்ப்பது. மூணு வயசுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையைச் சோதிக்க, ஆய்வுக்கூடத்தில் 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குழாய் வைத்திருப்பாங்க. அதுக்குள்ளே முழுசா அடங்கிப் போற எந்தத் துண்டும் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். நம்ம பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். அதைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கிற துண்டுகூட ஆபத்துதான். கோலிக்குண்டு, புளியங்கொட்டை, கொலுசிலிருந்து கழன்ற சலங்கை, மணி கோத்த வளையல் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நாலாவது, தேய்ச்சுப் பார்ப்பது. ஈரத்துணியால் தேய்ச்சா சாயம் ஒட்டுதா, மருந்து நெடி அடிக்குதா பாருங்க. சில சாயத்தில் ஈயம் இருக்கும். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆனா ஈயம் கண்ணுக்குத் தெரியாது. அதனால சாயம் ஒட்டாத பொம்மையெல்லாம் நல்லதுன்னு முடிவு கட்டிடாதீங்க.

போன வைகாசி கருட சேவைக்குப் போனப்போ, சின்னவன் கேட்டான்னு விளக்கு எரியும் சுழல் பொம்மை ஒண்ணு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் தரையில் போட்டுப் பார்த்தேன். ரெண்டாவது தடவையிலேயே மூடி கழன்று, சட்டைப் பொத்தான் மாதிரி மூணு பேட்டரி உருண்டது. ஒண்ணு தறிக்குழிக்குள்ளே போயிடுச்சு. டார்ச் அடிச்சு மூணையும் எண்ணி எடுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. "நாங்க வளர்க்காத பிள்ளையா?" என்றார் அத்தை. "நீங்க வளர்த்த காலத்தில் இந்தப் பேட்டரி ஏது அத்தை?" என்றேன். அவங்களும் ஒத்துக்கிட்டாங்க.

இதைக் கவனமாக் கேளுங்க. இந்தப் பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினா, அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிச்சுப் புண்ணாக்கிடும். குழந்தை அழாமலும் இருக்கலாம். எச்சில் வழியும், சாப்பிட மறுக்கும், இருமும். நாம சளின்னு நினைச்சுடுவோம். விழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே போதும், 108-ஐக் கூப்பிடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. டாக்டரிடம் முதல் வார்த்தையே 'பேட்டரி'ன்னு சொல்லுங்க, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. மூடியில் திருகாணி இல்லாத பேட்டரி பொம்மையை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க.

அடுத்தது வாக்கர். சின்னவன் தவழ ஆரம்பிச்சதும் நாத்தனார் ஆசையா ஒண்ணு வாங்கி வந்தாங்க. உட்கார வைச்சுச் சக்கரத்தில் ஓட விடுறது. வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும். "பிள்ளையை உட்கார வைக்காம நீங்களே ஒரு தடவை தள்ளிப் பாருங்க அண்ணி" என்றேன். தள்ளினாங்க. கண் மூடித் திறக்கிறதுக்குள்ளே வாசல்படிக்குப் போய்க் குப்புறக் கவிழ்ந்தது. அவங்க ஒண்ணும் சொல்லலை. மறுநாள் அவங்களே கடையில் கொடுத்து மாத்தி வந்தாங்க. கனடா நாட்டில் 2004-ஆம் ஆண்டிலிருந்தே இந்த வாக்கரை விற்கத் தடை. இதில் உட்கார்ந்தா குழந்தை சீக்கிரம் நடக்கும் என்பதும் உண்மையில்லை. நம்ம பழைய மர நடைவண்டி வேற. குழந்தை தன் காலில் நின்று தள்ளும், களைச்சா உட்கார்ந்துடும். அதுக்கும் பக்கத்தில் ஆள் வேணும்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இருக்கா பாருங்க. 14 வயசுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். சாதாரணப் பொம்மைன்னா ஐஎஸ் 9873, மின்சாரத்தில், பேட்டரியில் ஓடுறதுன்னா ஐஎஸ் 15644 என்று இருக்கும். முத்திரைக்குக் கீழே உள்ள சிஎம்/எல் எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டா, உண்மையா போலியான்னு தெரியும்.

துணிப்பொம்மை தைத்து விற்கலாம்னு நினைக்கிற குழுக்களுக்கும் இந்தச் சட்டம் உண்டு. மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்கு இருக்கு. கடன் வாங்கித் துணி எடுக்கும் முன்னாடி இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. விலக்கு கிடைச்சாலும் சோதனையை விட்டுடாதீங்க. கண்ணுக்குப் பொத்தான் தைக்காம நூலால் பூ வேலை செய்யுங்க. வாங்குகிறவளும் நம்மளை மாதிரி ஒரு தாய்தான்.

காசு இல்லையேன்னு யாரும் குறைப்பட வேண்டாம். மூடி போட்ட எவர்சில்வர் டப்பா, மரக்கரண்டி, ஒண்ணுக்குள்ளே ஒண்ணு அடங்கும் கிண்ணங்கள் போதும், ஒரு வயசுப் பிள்ளை அரை நாள் விளையாடும். சொப்புச் சாமான் துண்டுதுண்டா இருக்கும், அதை மட்டும் மூணு வயசுக்கு மேலே கொடுங்க. பெரியவள் சொப்பைச் சின்னவனுக்கு எட்டாத அலமாரியில்தான் நான் வைக்கிறேன்.

கடைசியா ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் பணத்தோட உங்க வீட்டுப் பொம்மை ஒண்ணும் எடுத்து வாங்க. எல்லோரும் சேர்ந்து இழுத்து, போட்டு, அளந்து, தேய்ச்சுப் பார்ப்போம். தேறாததை அங்கேயே ஒதுக்கிடுவோம். அதைத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைப்போம்.